கட்டைவிரலும் மாத்திரை டப்பாவும்

நம் சங்கத்து ஹாலில் மூன்று நாள் ஷியாட்சு பயிற்சி முகாம் நடத்த அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்திருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அதன் துண்டுப் பிரசுரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் விரல் நுனியில் தீர்வு, மாத்திரைகளுக்கு விடை கொடுங்கள், முடிவில் சான்றிதழ் உண்டு என்று அதில் கண்டிருக்கிறது. செயற்குழுவில் சிலர் ஆஹா என்றார்களாம். சிலர் இதெல்லாம் பித்தலாட்டம் என்று சிரித்தார்களாம். இரண்டு தரப்பாரும் ஷியாட்சு என்றால் என்ன என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வைத்தியன் அல்ல. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, சர்வீஸ் முழுவதும் தண்டவாளப் பராமரிப்பிலேயே கழித்தவன். டிராலியில் உட்கார்ந்து செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய்வந்ததில் இடுப்பும் கழுத்தும் கெட்டதுதான் மிச்சம். ரிட்டையரான பின் இங்கே கொல்கத்தாவில் ஒரு வங்காளி அம்மையாரிடம் ஷியாட்சு எடுத்துக்கொண்டு வருகிறேன். கணவரின் உத்தியோகம் காரணமாக ஜப்பானில் பல வருடம் இருந்தவர். அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, டோக்கியோவில் ஒரு பள்ளியில் மூன்று வருடம் முறையாகப் படித்தவர். என் இடுப்புக்கு அவர் கை நல்லது செய்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை விரோதி என்று நினைக்க வேண்டாம்.

ஷி என்றால் ஜப்பானிய மொழியில் விரல். அட்சு என்றால் அழுத்தம். பெயரிலேயே விஷயம் முடிந்துவிட்டது. இதில் எண்ணெய் கிடையாது, சட்டையைக் கழற்ற வேண்டியதும் இல்லை. தரையில் ஒரு மெல்லிய மெத்தையில் நாம் படுத்துக்கொள்ள, அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும், சில சமயம் முழங்கையாலும் அழுத்துகிறார். பலத்தைக் காட்டி அமுக்குவதில்லை. தன் உடம்பின் கனத்தை மெல்லச் சாய்க்கிறார். ஓரிடத்தில் சில விநாடி நிறுத்திவிட்டு அதே நிதானத்தோடு கையை எடுக்கிறார். தேய்ப்பதும் குத்துவதும் இல்லை. அழுத்தம் உடம்பின் பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும் என்பது இதில் முதல் பாடமாம். கோணலாக வைத்த ஜாக்கி என்ன செய்யும் என்று ரயில்வேக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது ஆயிரக்கணக்கான வருடப் பழமையானது என்று பிரசுரம் சொல்கிறது. பாதி உண்மை. சீனாவிலிருந்து மருத்துவ நூல்களோடு சேர்ந்து பிடித்துவிடும் கலை ஒன்றும் பழங்காலத்தில் ஜப்பானுக்குப் போனது. அதற்கு அன்மா என்று பெயர். எடோ காலம் என்று சொல்லும் 1603 முதல் 1868 வரையான காலத்தில் அது பார்வையற்றோரின் தொழிலாகவே நிலைபெற்றது. சுகியாமா வைச்சி என்று ஒருவர், 1610ல் பிறந்து 1694ல் மறைந்தவர், பார்வையற்றவர். அக்குபங்சர் ஊசியை ஒரு மெல்லிய குழாய்க்குள் விட்டுச் செருகும் முறையைப் பரப்பியவர் அவர். தம்மைப் போன்றவர்களுக்குப் பள்ளிகளையும் அமைத்தார். அந்தக் குழாய் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஷியாட்சு என்ற பெயரும் தனி முறையும் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை.

அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டொகுஜிரோ நமிகோஷி. 1905ல் ஷிகோகு தீவில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் வடக்கே குளிர்ப் பிரதேசமான ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் என்பதால் எனக்கு அவர் கதை கொஞ்சம் நெருக்கமாகப் படுகிறது. புது இடத்தில் தாயாருக்கு மூட்டுக்கு மூட்டு வலி. வைத்தியர் அகப்படாத ஊர். பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்துவிட்டதில் இந்தப் பையனின் கைதான் அம்மாவுக்கு இதமாக இருந்ததாம். எங்கே விறைப்பு, எங்கே சில்லிப்பு என்று அவன் விரல் தானாகக் கற்றுக்கொண்டது. 1925ல் ஹொக்கைடோவில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1940ல் டோக்கியோவில் பள்ளி ஆரம்பித்தார். 1954ல் மர்லின் மன்றோ டோக்கியோவுக்கு வந்திருந்தபோது அவருக்குச் சிகிச்சை செய்ததில் பெயர் இன்னும் பரவியது. 2000ல் காலமானார்.

இந்த நமிகோஷியின் முறையில் நம் பிரசுரக்காரர்கள் பெரிதாகப் பேசும் 'சக்திப் பாதை'களே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எலும்பு, தசை, நரம்பு இவற்றை வைத்துத்தான் அவர் கற்பித்தார். சக்திப் பாதைகளைப் பிரதானமாக்கியவர் இன்னொருவர். ஷிசுடோ மாசுநாகா, 1925ல் பிறந்தவர், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்தவர். நமிகோஷியின் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து, பின் தனியாகப் பிரிந்து, பழைய சீன வைத்தியத் தத்துவத்தோடு ஷியாட்சுவை இணைத்தார். 1981ல் மறைந்தார்.

அந்தத் தத்துவம் சுருக்கமாக இதுதான். 'கி' என்ற உயிர்ச்சக்தி உடம்பில் 12 முக்கியப் பாதைகளில் ஓடுகிறது. நாம் பிராணன் என்பதற்குக் கிட்டத்தட்ட ஒப்பிடலாம். யின், யாங் என்ற இரட்டை நிலைகள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து. இவை நம் பஞ்சபூதம் அல்ல. அங்கே காற்றும் ஆகாயமும் இல்லை, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் ஐந்து கட்டங்களாகவே அவற்றைக் கொள்கிறார்கள். ஓட்டம் தடைப்பட்டால் நோய், சீரானால் சுகம். நோயாளியைப் பார்த்து, குரலையும் மூச்சையும் கேட்டு, விசாரித்து, தொட்டு என்று நான்கு வகைப் பரிசோதனை. இதில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நிதானிப்பதை ஜப்பானியர்கள் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். இடத்தைக் குறிக்க ஸ்கேல் கிடையாது. நோயாளியின் கட்டைவிரல் அகலம் ஒரு 'சுன்', நான்கு விரல் சேர்ந்தால் மூன்று 'சுன்'. முழங்கால் சிப்பிக்குக் கீழே மூன்று சுன் தள்ளி, முன்னெலும்புக்கு வெளிப்புறமாக ஓர் இடம் உண்டு, 'சன்ரி' என்று பெயர். 1689ல் நெடும்பயணம் கிளம்பிய கவிஞர் பாஷோ, புறப்படும் முன் அந்த இடத்தில் மூலிகைச் சூடு போட்டுக்கொண்டார். அந்த மூலிகை நம் மரிக்கொழுந்து இனத்துச் செடிதான். நெடுந்தூரம் நடக்கிறவன் காலுக்கு அது பலம் என்பது அவர்கள் நம்பிக்கை.

மாசுநாகாவின் முறையில் 'கியோ', 'ஜிட்சு' என்று இரண்டு சொற்கள் வருகின்றன. கியோ என்றால் வெறுமை, ஜிட்சு என்றால் நிறைவு அல்லது திணிப்பு. வலிக்கிற இடம், புடைத்துக்கொண்டு கண்ணில் படுகிற இடம் ஜிட்சு. அதற்குக் காரணமான பலவீனம் வேறெங்கோ ஒளிந்திருக்கும், அது கியோ. அதைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை என்கிறார். அம்மையார் இதை விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் லைனில் ஒரு ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இளகிப் போனால், அதன் பாரத்தையும் சேர்த்துப் பக்கத்து ஸ்லீப்பர்கள் தாங்கும். கேடு முதலில் அங்கேதான் கண்ணில் படும். புதிதாக வந்தவன் அதையே இடித்துக்கொண்டிருப்பான். பழைய மேஸ்திரி மரச்சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். பொள்ளென்று சத்தம் வருமிடத்தில் நிற்பார். அவருக்கு ஒலியியல் தெரியாது. தப்பு நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆகவே கையால் அறிகிற அறிவை நான் குறைத்துப் பேசமாட்டேன். தத்துவத்தைப் பற்றித்தான் எனக்கு வேறு அபிப்பிராயம். ஒரே ஷியாட்சுவில் ஒரு பள்ளி சக்திப் பாதையே வேண்டாம் என்கிறது, இன்னொரு பள்ளி அதுதான் ஆதாரம் என்கிறது. இரண்டிடத்திலும் ஜனங்களுக்கு வலி குறைகிறது. அப்படியானால் வலி குறைந்தது என்பதை வைத்துச் சக்திப் பாதை நிரூபணமாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? சீனாவில் மவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168ல் மூடிய ஒரு கல்லறையை 1973ல் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் பாதைகள் 11தான். பின்னால் வந்த நூல்களில் 12 ஆயிற்று. மாசுநாகா அவற்றைக் கைகால் முழுவதும் நீட்டிப் புதுப் படமே போட்டார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கு 'மூன்று அடுப்பு' என்று பெயர். அதற்குரிய உறுப்பை எந்த ஆபரேஷன் மேஜையிலும் காட்ட முடியாது. ரயில்வே ரூட் மேப்பில் ஸ்டேஷன்கள் எல்லாம் நேர்கோட்டில் சம தூரத்தில் இருக்கும். அதை வைத்து வண்டி மாறலாம், பாலம் கட்ட முடியாது. சக்திப் பாதைப் படம் எனக்கு அப்படித்தான் படுகிறது. கை எந்த வரிசையில் போக வேண்டும், எதை மறந்துவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல துணை. உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல அதற்கு வக்கில்லை.

இங்கே நம்மவர்கள் ஒருவர் எழுந்து, "இதெல்லாம் நம் வர்மக்கலைதான் சார், போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோனார்" என்று சொல்வது நிச்சயம். 2011ல் ஏழாம் அறிவு படம் வந்த பிறகு இது வேதவாக்காகிவிட்டது. போதிதர்மரின் காலத்தைக் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள். மேற்படி பட்டுச்சுவடிகள் அவருக்கு அறுநூறு வருடம் முந்தியவை. வர்மத்துக்கு அதற்கென்று சொந்தப் பெருமை இருக்கிறது, அடுத்தவன் வீட்டுப் பத்திரத்தில் நம் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

நமக்கும் சீன வைத்தியத்துக்கும் மெய்யான தொடர்பு வேண்டுமென்றால் அது இந்தக் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. 1938ல் ஜப்பானை எதிர்த்துப் போராடிய சீனாவுக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் அங்கேயே 1942ல் உயிர்விட்டது பலருக்கும் தெரியும். அவரோடு போன விஜயகுமார் பாசு திரும்பி வந்தார். பிற்பாடு மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, 1959 முதல் இந்த ஊரில் அதைச் செய்தார். அவர் முழுப் படிப்புப் படித்த டாக்டர். ஊசியை எடுப்பதற்கு முன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானிலும் அந்த ஜாக்கிரதை இருக்கிறது. யுத்தம் முடிந்த பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் இந்தப் பழைய வைத்தியங்களையெல்லாம் நிறுத்திவிட நினைத்தார்கள். தொழிலாளர்கள், முக்கியமாகப் பார்வையற்றோர், எதிர்த்து நின்றார்கள். 1947ல் சட்டம் ஒன்று போட்டு, படித்துத் தேறியவர்களுக்கு லைசென்ஸ் என்று முடிவாயிற்று. 1955ல் ஷியாட்சு என்ற பெயரும் அதில் சேர்ந்தது. இன்றைக்கு அங்கே லைசென்ஸ் வேண்டுமானால் ஹைஸ்கூல் முடித்த பின் குறைந்தது மூன்று வருடம் படிக்க வேண்டும். உடற்கூறு, உடலியக்கம், நோய்க்குறியியல் எல்லாம் பாடத்தில் உண்டு. பிறகு அரசாங்கத் தேர்வு. அங்கேயும் வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டு லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று ஜனங்கள் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நம் நாட்டில் ஷியாட்சுவுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மூன்று வருடப் படிப்பை மூன்று நாளில் முடித்துச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறோம். பொருட்காட்சியில் முள்ளு முள்ளாக ஒரு பிளாஸ்டிக் உருளையை வாங்கியவரும் தம்மை நிபுணர் என்றே நினைக்கிறார்.

சரி, எது வரைக்கும் இது பலன் தரும்? ஷியாட்சுவைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2011ல் வெளியான ஓர் ஆய்வு, ஷியாட்சுவுக்குத் தனியாகப் போதிய ஆதாரம் இல்லை என்றது. புள்ளிகளில் அழுத்தும் அக்குபிரஷருக்கு வலி, ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டல், தூக்கம் ஆகியவற்றில் ஓரளவு ஆதாரம் உண்டு என்றது. மணிக்கட்டின் உட்புறம், ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவில் இருக்கும் இடம் குமட்டலுக்கு உதவுவது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. செலவும் இல்லை. பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் முயன்று பார்க்கலாம். சர்க்கரை வியாதியை விரலழுத்தம் குணமாக்கும் என்பதற்கு மட்டும் நம்பத்தக்க ஆதாரம் எதுவும் கிடையாது. பிரசுரத்தின் முதல் வரியிலேயே அது இருப்பதுதான் எனக்குக் கோபம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், பெயர் வேண்டாம், இடது தோளில் வலி என்று காலனியில் கைவைத்தியம் செய்யும் ஒருவரிடம் போனார். அவர் விரலையும் முழங்கையையும் அழுத்தி, பாதை அடைத்திருக்கிறது, பத்து நாளில் திறக்கும் என்றார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது என்றார்கள். இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. அழுத்தியதால் மாரடைப்பு வந்தது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் போனதே, அதைச் சொல்கிறேன். தண்டவாளத்தின் மேல் தெரியும் தேய்மானத்தைக் கண்ணும் கையும் கண்டுபிடிக்கும். உள்ளுக்குள் ஓடும் விரிசலுக்கு அல்ட்ராசோனிக் கருவிதான் வேண்டும். கருவி வந்த பிறகும் என் கை போதும் என்று எந்தக் கீமேனும் சொன்னதில்லை.

எனக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊரிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்த மறுநாள் வலது கெண்டைக்கால் வீங்கிக் கனத்தது. வழக்கமான நாள் என்று அம்மையாரிடம் போனேன். இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், புறங்கையால் சூடு பார்த்தார், கையை எடுத்துவிட்டார். "தாதா, இந்தக் காலை நான் தொடமாட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி. அழுத்தியிருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அன்று அவர் வாங்கிக்கொள்ளாத பீஸ்தான் மூன்று வருடப் படிப்பின் மதிப்பு. கழுத்து விஷயத்திலும் அவர் இப்படித்தான் பயந்து பயந்து கை வைப்பார். கழுத்தில் ஷியாட்சு செய்துகொண்ட ஒருவருக்குக் கண்ணிலும் மூளையிலும் ரத்தக்குழாய் அடைபட்ட சம்பவத்தை ஜப்பானிய டாக்டர்களே 2001ல் ஸ்ட்ரோக் என்ற மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனாலும் நம் முகாமுக்கு வரப்போகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகும் கிண்டல் செய்பவர்களோடு நான் சேரவில்லை. ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று அவர்கள் யோசிப்பதில்லை. டாக்டர் ஐந்து நிமிஷம் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் திண்ணையும் தெருவுமாக இருந்த அம்மா அப்பாவை இங்கே நாலாவது மாடி ஃபிளாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். மகனும் மருமகளும் காலையில் போனால் ராத்திரி. வாரக்கணக்கில் ஒருவர் கையும் அந்த உடம்பின் மேல் படுவதில்லை. ஒரு மணி நேரம் ஒருவர் அருகில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, காலைப் பிடித்துவிட்டால் அதிலேயே பாதி வலி போகிறது. அதைச் சக்தி என்று சொன்னாலும் சரி, வேறெப்படிச் சொன்னாலும் சரி. அது வேண்டியிருக்கிறது. மாத்திரை டப்பாவை எடுத்துக் குப்பையில் போடாமலே அதைக் கொடுக்கலாம் என்பதுதான் என் வாதம்.

செயலாளருக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவே. முகாம் நடத்துகிறவர் எங்கே, எத்தனை வருடம், யாரிடம் படித்தார் என்று எழுத்தில் கேட்கவும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிய வரிகளையும் மாத்திரைக்கு விடை கொடுக்கும் வரியையும் நீக்கினால் ஒழிய ஹாலைக் கொடுக்க வேண்டாம். வாடகை நஷ்டமானாலும் பரவாயில்லை. அதற்குப் பதில் ஒரு ஞாயிறு காலை, நம் உறுப்பினர்களில் உள்ள டாக்டர் ஒருவர் வந்தவர்களைப் பார்த்து யாருக்கு வேண்டாம் என்று சொல்லட்டும். மற்றவர்களுக்குக் கை, பாதம், தோள் மட்டும் வீட்டார் ஒருவருக்கொருவர் எப்படிப் பதமாக அழுத்துவது என்று காட்டித் தரச் சொல்லலாம். அந்த அம்மையாரிடம் பேசிவிட்டேன். இரண்டு மணி நேரம் வரச் சம்மதித்திருக்கிறார். பணம் வேண்டாமாம். பத்து ஜமுக்காளம் விரித்து வைக்கச் சொன்னார். அப்புறம், வருகிறவர்கள் அவரவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுவர வேண்டுமாம்.